கவர்மெண்ட் கணக்கு ஆபீசர் ஆகுறது எப்படி: சித்தூர் தாலுக்கா தமிழ்ப் புள்ளைங்களுக்கு

கேரளால பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்கா, அதுல கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம், இந்தப்பக்கம் மீனாட்சிபுரம் கோவிந்தாபுரம் வரைக்கும் நம்ம புள்ளைங்க பி.காம் முடிச்சாங்கன்னா ஒண்ணு கோயமுத்தூர்ல ஆடிட்டர் ஆபீஸ்ல டேலி போடப் போறாங்க, இல்லீன்னா பேங்க் பரீட்சைக்கு கோச்சிங் சேந்துடுறாங்க. ரெண்டும் நல்ல வழிதானுங்க, நான் குறை சொல்லல. ஆனா கவர்மெண்ட் பணத்துக்கு காவல் இருக்கற வேலைன்னு ஒரு தனி லைன் இருக்கு, சப் ட்ரஷரில ஆரம்பிச்சு டெல்லில கன்ட்ரோலர் ஜெனரல் ஆபீஸ் வரைக்கும் போற லைன், அத நம்ம பக்கத்துல யாரும் உக்கார வச்சு சொல்லித் தர்றதில்ல. ட்ரஷரின்னா தாத்தா பென்ஷன் வாங்குற இடம், டெப்பாசிட் போட்டா வட்டி கொஞ்சம் கூட வரும், அதோட முடிஞ்சுது நமக்குத் தெரிஞ்சது. நான் இந்த கணக்கு வேலைலயே இருக்கறவன், அதனால எனக்கு தெரிஞ்ச வரைக்கும் எழுதறேன், நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். நம்ம சித்தூர் பழைய கொச்சி ராஜ்யத்து ஊரு. அந்த கொச்சிக்கு 1935லருந்து 1941 வரைக்கும் திவானா இருந்தவர் கோயமுத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். அவருதான் அப்புறம் சுதந்திர இந்தியாவோட முதல் நிதி மந்திரி, 1947 நவம்பர் 26ந்தேதி முதல் பட்ஜெட்ட வச்சவரு. அதனால 'இந்த வேலையெல்லாம் நம்ம எல்லைக்காட்டு புள்ளைங்களுக்கு வருமா'ன்னு வீட்ல யாராச்சும் கேட்டா இத சொல்லுங்க.

மொதல்ல வேலை என்னன்னு புரிஞ்சுக்கங்க, பரீட்சை அப்புறம். மாநிலத்துக்கு வர்ற பணம், போற பணம் எல்லாம் மூணு கணக்குல நிக்குது. வரி, ஸ்டாம்ப் கட்டணம், கடன் வாங்குனது இதெல்லாம் தொகுப்பு நிதில விழும், அதுலருந்து ஒரு ரூபா எடுக்கணும்னாலும் சட்டசபை ஓட்டு போட்டு ஒதுக்கியிருக்கணும், இது அரசியலமைப்பு 266வது பிரிவு. வெள்ளம் மண்சரிவுன்னு திடீர்னு வந்தா எடுக்க அவசர நிதி, இது 267. மூணாவது பொதுக்கணக்கு, அதாவது கவர்மெண்ட் பணமே இல்ல, மத்தவங்க பணம் கவர்மெண்ட் கைல இருக்கு, ஊழியர் பி.எஃப், டெப்பாசிட் எல்லாம் இதுல. நம்ம கேரளா ட்ரஷரில சேவிங்ஸ் பேங்க் கணக்கு இருக்குல்ல, பெருசுங்க போடுற டெப்பாசிட், அது கூட இந்த மூணாவதுலதான் நிக்குது. இந்த மூணையும் கலக்காம பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சாலே பாதி பாடம் முடிஞ்ச மாதிரி.

அப்புறம் யாரு என்ன பண்றாங்கன்னு பிரிச்சுக்கங்க, ஏன்னா புள்ளைங்க இங்கதான் குழம்புறாங்க. ட்ரஷரி பில்ல பாத்து பணம் குடுக்கும், மாசாமாசம் வவுச்சரோட கணக்க திருவனந்தபுரத்துல அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸுக்கு அனுப்பும். அக்கவுண்டண்ட் ஜெனரல்ல ரெண்டு வகை, ஒண்ணு கணக்கு எழுதுறது, இன்னொண்ணு ஆடிட் பண்றது. தமிழ்நாட்லயும் அப்படித்தான், சென்னை தேனாம்பேட்டைல இருக்கு அந்த ஆபீஸ். இந்த ரெண்டு வகையும் மாநில கவர்மெண்ட் ஆபீஸ் கிடையாது, சி.ஏ.ஜிக்கு, அதாவது நாட்டோட தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கு, கீழ வர்ற மத்திய ஆபீஸ். பஞ்சாயத்து, முனிசிபாலிட்டி கணக்கையெல்லாம் பாக்கறது கேரளா ஸ்டேட் ஆடிட் டிபார்ட்மெண்ட், முன்னாடி லோக்கல் ஃபண்ட் ஆடிட்னு சொல்லுவாங்க. மத்திய கவர்மெண்ட்ல மட்டும் 1976ல கணக்கு வேற, ஆடிட் வேறன்னு பிரிச்சுட்டாங்க, கணக்கு கன்ட்ரோலர் ஜெனரல் ஆஃப் அக்கவுண்ட்ஸுக்குப் போச்சு, அது நிதி அமைச்சகத்துல செலவினத்துறைக்குள்ள வருது. உங்க அம்மாவுக்கு தொழிலுறப்பு (ஊரக வேலைத்திட்டம்) கூலி நேரா பேங்க்ல ஏறுச்சுன்னா அதுக்குப் பின்னாடி ஓடுற பி.எஃப்.எம்.எஸ் சிஸ்டத்த நடத்துறது இந்த ஆபீஸ்தான்.

இனி உள்ள போற வழி. பெரும்பாலும் எதுக்கும் ஒரு டிகிரி போதும், காமர்ஸ்தான் வேணும்னு இல்ல, நம்ம சித்தூர் காலேஜ்ல தமிழ் படிச்ச புள்ளையும் போகலாம், ஆனா கணக்குப்பதிவியல் அடிப்படை தனியா படிச்சாகணும்.

பக்கத்துல இருக்கற வழி கேரளா பி.எஸ்.சி. துளசி போர்ட்டல்ல ஒன் டைம் ரெஜிஸ்ட்ரேஷன் போட்டு வச்சுக்கங்க, அக்ஷயா ஆன்லைன் சென்டர்ல போட்டாலும் சரி, ஆனா பாஸ்வேர்ட் உங்க கைல இருக்கணும். போட்டதோட விட்டுடாதீங்க, பரீட்சைக்கு முன்னாடி கன்ஃபர்மேஷன் குடுக்கலீன்னா ஹால் டிக்கெட் வராது. அந்த கன்ஃபர்மேஷன் குடுக்கறப்பவே கேள்வித்தாள் தமிழ்ல கேக்குற ஆப்ஷன் இருக்கான்னு பாத்து போடுங்க, தமிழ் மைனாரிட்டிக்கு உள்ள உரிமை அது, கேக்கறதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல. செக்ரட்டேரியட் அசிஸ்டண்ட், ஆடிட்டர் ரெண்டுக்கும் சேத்து டிகிரி லெவல்ல ஒரே பரீட்சைதான் வருது, அதுல ரேங்க் பட்டியல்ல வந்தா ஸ்டேட் ஆடிட்லயும் போகலாம், செக்ரட்டேரியட்ல நிதித்துறைக்கும் போகலாம். வயசு பொதுப்பிரிவுக்கு 18லருந்து 36, மத்த பிரிவுக்கு தளர்வு உண்டு. ட்ரஷரில கீழருந்து போனா அக்கவுண்டண்ட், சூப்ரண்டு, சப் ட்ரஷரி ஆபீசர், அசிஸ்டண்ட் டிஸ்ட்ரிக்ட் ட்ரஷரி ஆபீசர், டிஸ்ட்ரிக்ட் ட்ரஷரி ஆபீசர், அதுக்கு மேல டைரக்டரேட். படி நிறைய, ஆனா ஒவ்வொரு படியும் நிஜமா வேலை கத்துக்குடுக்கும். அவசரமா மேல போகணும்னா கேரளா அட்மினிஸ்ட்ரேட்டிவ் சர்வீஸ் இருக்கு, 2019ல முதல் நோட்டிஃபிகேஷன் வந்துச்சு, நேரடியா எழுதறவங்களுக்கு 21லருந்து 32 வயசு.

சாதி சர்டிபிகேட் விஷயம் முக்கியம்ங்க. நம்ம சொந்தபந்தம் பாதி பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவுல இருக்கும், அங்க ஒரு சாதிக்கு இருக்கற பிரிவு இங்க அப்படியே இருக்கும்னு நினைக்காதீங்க, கேரளா பட்டியல்ல உங்க பேரு எப்படி எழுதியிருக்கு, எந்தப் பிரிவுல இருக்குன்னு வில்லேஜ் ஆபீஸ்ல இப்பவே கேட்டு வைங்க. ரேங்க் வந்தப்புறம் சர்டிபிகேட்டுக்கு அலைஞ்சு எத்தனையோ புள்ளைங்க நொந்து போயிருக்காங்க. அதே மாதிரி தமிழ்நாட்டு டி.என்.பி.எஸ்.சியும் எழுதலாம், குரூப் 2, 2ஏ வகைல லோக்கல் ஃபண்ட் ஆடிட்ல அசிஸ்டண்ட் இன்ஸ்பெக்டர், ட்ரஷரி வேலையெல்லாம் வரும், தமிழ் தகுதித்தாள் நமக்கு கஷ்டமே இல்ல, ஆனா கேரளாக்காரங்களுக்கு அங்க இட ஒதுக்கீடு கிடையாது, பொதுப்போட்டில நிக்கணும். அத தெரிஞ்சுகிட்டு எழுதுங்க.

மத்திய வழில எஸ்.எஸ்.சி சி.ஜி.எல், அதாவது ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷன் டிகிரிக்காரங்களுக்கு வைக்கற பரீட்சை. இதுல அசிஸ்டண்ட் ஆடிட் ஆபீசர் போஸ்ட்தான் பலபேரு கண்ணு வைக்கறது, சம்பள லெவல் 8, அடிப்படை சம்பளம் 47,600, கெசட்டட். ஆடிட்டர், அக்கவுண்டண்ட் போஸ்ட் லெவல் 5, 29,200ல ஆரம்பம். உள்ள போனப்புறம் எஸ்.ஏ.எஸ்ங்கற டிபார்ட்மெண்ட் பரீட்சை பாஸ் பண்ணாத்தான் மேல. கேள்வி இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும்தான், தமிழ் இல்ல, அதனால இங்கிலீஷ சும்மா விட்டுடாதீங்க. எல்லாத்துக்கும் மேல யு.பி.எஸ்.சி சிவில் சர்வீஸ், எல்லாரும் ஐ.ஏ.எஸ் ஐ.பி.எஸ் மட்டும்தான் பேசறாங்க, அதே பரீட்சைலதான் இந்தியன் ஆடிட் அண்ட் அக்கவுண்ட்ஸ் சர்வீஸும் இந்தியன் சிவில் அக்கவுண்ட்ஸ் சர்வீஸும் வருது, ராணுவக் கணக்குக்கு டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸ் சர்வீஸும் இருக்கு. ஆரம்ப அடிப்படை 56,100. ஆடிட் சர்வீஸுக்கு ட்ரெய்னிங் சிம்லால, சிவில் அக்கவுண்ட்ஸுக்கு ஃபரிதாபாத்ல. மெயின்ஸ தமிழ்ல எழுதலாம், பிரிலிமினரி மட்டும் இங்கிலீஷோ ஹிந்தியோதான். ஃபார்ம்ல சர்வீஸ் விருப்பம் போடறப்ப இந்த கணக்கு சர்வீஸ கடைசில தள்ளாதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது, ஒரு டிபார்ட்மெண்டுக்குள்ள பணம் எங்க போகுதுன்னு மொத்தமா பாக்கற இடம் அது.

மொழி பத்தி ஒரு வார்த்தை. கேரளால வேலை செய்யணும்னா மலையாளம் வேணும், பேசறது நமக்கு வரும், சந்தைல பேசற மலையாளம், ஆனா ஃபைல்ல நோட் எழுதற மலையாளம் வேற. ஸ்கூல்ல மலையாளம் படிக்காம தமிழ் மீடியத்துல வந்தவங்க வேலைல சேந்தப்புறம் மலையாளத் தேர்வு பாஸ் பண்ணாத்தான் ப்ரொபேஷன் முடியும், இத சேர்ற நாள்ல தெரிஞ்சுகிட்டு அழுவறதுக்கு இப்பவே ஆரம்பிக்கலாம். எழுத்து கூட்டத் தெரிஞ்சதும் கதைப்புத்தகத்துக்குப் போகாதீங்க, நேரா கவர்மெண்ட் ஆர்டர் எடுத்துப் படிங்க, நிதித்துறை சைட்ல சர்க்குலர் கொட்டிக் கிடக்கு. வாக்கியம் எல்லாம் ஒரே அச்சுல வரும், பத்து ஆர்டர் படிச்சா பதினோராவது தானா வந்துடும். சட்டப்புத்தகங்க, அதாவது கேரளா ட்ரஷரி கோடு, ஃபினான்ஷியல் கோடு, பட்ஜெட் மேனுவல், சர்வீஸ் ரூல்ஸ், இதெல்லாம் இங்கிலீஷ்ல. ஆக மூணு மொழியும் வேணும், எல்லைல பொறந்ததுல நமக்கு கெடைச்ச லாபம் இது, கவுண்டர்ல வந்து நிக்கற தமிழ் பெரியவருக்கு அவரு மொழிலயே பதில் சொல்லலாம். 1969ம் வருசத்து ஆட்சிமொழிச் சட்டத்துலயே தமிழ், கன்னட மைனாரிட்டி ஜனங்க அவங்க மொழில அரசாங்கத்துக்கு எழுதலாம்னு இருக்கு, நீங்க அந்த சீட்ல உக்காந்தா அத நடைமுறைப்படுத்தறது உங்க கைல.

இப்ப நான் நெசமா சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். பரீட்சை பாஸ் பண்றவங்க நிறைய பேரு, ஆனா ஒரு பில்ல கைல குடுத்தா அதப் படிக்கத் தெரிஞ்சவங்க கம்மி. அத வேலைல சேந்தப்புறம் கத்துக்கலாம்னு விட்டா சீட்டுல இருக்கற பழைய ஆளு எங்க கையெழுத்து போடச் சொல்றாரோ அங்க போடற ஆளா ஆயிடுவீங்க. படிக்கற காலத்துலயே கத்துக்க முடியும், எப்படின்னு சொல்றேன்.

மொதல்ல ஹெட் ஆஃப் அக்கவுண்ட். அரசாங்கக் கணக்குல ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு முகவரி இருக்கு, ஆறு அடுக்கு. மேல நாலு இலக்க மேஜர் ஹெட், அதுக்குக் கீழ சப் மேஜர், மைனர், சப் ஹெட், டீடெய்ல்ட் ஹெட், கடைசில ஆப்ஜெக்ட் ஹெட், அதாவது சம்பளமா, பயணப்படியா, கட்டுமானமான்னு. மேஜர் ஹெட்டோட மொத இலக்கத்தப் பாத்தே பாதி சொல்லிடலாம். 0, 1ல ஆரம்பிச்சா வருவாய் வரவு, 2, 3 வருவாய் செலவு, 4, 5 மூலதனச் செலவு, 6, 7 கடன், 8 பொதுக்கணக்கு. 0030 ஸ்டாம்ப், பத்திரப்பதிவு. 2202 பள்ளிக்கூடம், காலேஜ். 2071 பென்ஷன். 2054 ட்ரஷரி நிர்வாகமே. 8009 ஊழியர் பி.எஃப். இத மனப்பாடம் பண்ணாதீங்க, பட்ஜெட் புத்தகத்தத் தெறந்து வச்சுகிட்டு நம்ம ஊரு விஷயத்துக்கு தேடுங்க, அப்ப தானா நிக்கும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். நம்ம பக்கம் சித்தூர்ப்புழை வாய்க்கால்தான உசுரு, பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவுல வருசத்துக்கு 7.25 டி.எம்.சி தண்ணி வரணும், அது வயலுக்கு வந்து சேரணும்னா வாய்க்கால் தூர் வாரணும். தூர் வாருன காண்ட்ராக்டரோட பில் ஒண்ணு உங்க மேசைக்கு வருதுன்னு வச்சுக்கங்க. மொதக் கேள்வி, இது பராமரிப்பா, புது வேலையா? பராமரிப்புன்னா 27ல ஆரம்பிக்கற பாசனத் தலைப்புல போகணும், புதுசா கட்டுனதுன்னா 47ல. தூர் வாருனத 47ல போட்டு வந்தா நிறுத்துங்க, ஏன்னா மண்ணு அள்ளுனதுல அரசுக்கு புதுசா சொத்து ஒண்ணும் வரல, ஆனா புத்தகத்துல சொத்து ஏறுன மாதிரி காட்டும், வருவாய் பற்றாக்குறையும் கம்மியா தெரியும். சின்ன எழுத்து வேலை மாதிரி இருக்கும், ஆனா மாநிலத்தோட கணக்கே பொய்யாகுறது இங்கருந்துதான் ஆரம்பிக்குது.

ரெண்டாவது, அந்தத் தலைப்புல ஒதுக்கீடு பாக்கி இருக்கா. பட்ஜெட்ல இருந்தா மட்டும் போதாது, அந்த ஆபீசருக்கு அலாட்மெண்ட் வந்திருக்கணும். மூணாவது, அனுமதி ஆர்டர், நிர்வாக அனுமதி ஒண்ணு, டெக்னிக்கல் அனுமதி ஒண்ணு, தேதி பாருங்க, வேலை ஆரம்பிச்ச தேதிக்கு அப்புறம் அனுமதி வந்திருந்தா கேள்வி கேளுங்க. நாலாவது எம்-புக், அதாவது அளவுப்புத்தகம். நீளம், அகலம், ஆழம், பெருக்குனா கன மீட்டர், அத நீங்களே ஒருக்கா பெருக்கிப் பாருங்க, மேல் அதிகாரி திரும்ப அளந்து செக் மெஷர் பண்ண கையெழுத்து இருக்கான்னு பாருங்க, முன்னாடி குடுத்த பார்ட் பில் தொகைய கழிச்சிருக்கான்னு பாருங்க, இத விட்டாதான் ஒரே மண்ணுக்கு ரெண்டு தடவ காசு போகும். அப்புறம் பிடித்தம். ஒப்பந்தம் ரெண்டரை லட்சத்துக்கு மேலன்னா ஜி.எஸ்.டி டி.டி.எஸ் 2 சதவீதம், வருமான வரி டி.டி.எஸ் தனி ஆளுன்னா 1, கம்பெனின்னா 2. கடைசில பணம் போற பேங்க் கணக்கு காண்ட்ராக்டர் பேர்லயே இருக்கான்னு. இவ்வளவும் பாக்கறதுக்கு பழகுன கைக்கு ரொம்ப நேரம் ஆகாது.

இப்பல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்னு சொல்லுவாங்க. சம்பள பில் ஸ்பார்க்ல வருது, மத்த பில் பிம்ஸ்ல வருது, டிஜிட்டல் கையெழுத்து, தமிழ்நாட்ல களஞ்சியம், எல்லாம் சரி. ஒதுக்கீடு மீறுனா சிஸ்டம் தடுக்கும், ஆனா வாராத வாய்க்கால வாருனதா எழுதுனா சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும், அது ஆளு பாத்தாதான் உண்டு. பாஸ்வேர்ட் விஷயமும் அப்படித்தான். 2020ல திருவனந்தபுரம் வஞ்சியூர் சப் ட்ரஷரில என்ன நடந்துச்சுன்னு பேப்பர்ல வந்துச்சு, ரிடையர் ஆன ஆபீசரோட யூசர் ஐடி அப்படியே உயிரோட கிடந்துச்சு, அத வச்சு கலெக்டர் கணக்குலருந்து ரெண்டு கோடி ரூபா வெளிய போச்சு. அதனால சேர்ற மொத நாளே ஒரு பழக்கம் வச்சுக்கங்க, உங்க பாஸ்வேர்ட் யாருக்கும் கிடையாது, அவசரத்துக்குக் கூட, லீவுல போறப்ப முறையா சார்ஜ் குடுத்துட்டுப் போங்க, ட்ரான்ஸ்ஃபர் ஆனா ஐடிய முடக்கச் சொல்லி எழுத்துல குடுத்து நகல் வாங்கி வைங்க. கேரளால இது நடந்திருக்கு, ஆக இது பயமுறுத்தறதுக்கு சொல்ற கதை இல்ல.

பெரிய அளவுல நடந்தா என்ன ஆகும்னு பாக்கணும்னா பீகார் மாட்டுத்தீவன ஊழல எடுத்துப் படிங்க. வாங்காத தீவனத்துக்கும் மருந்துக்கும் போலி பில் போட்டு ட்ரஷரிலருந்து வருசக்கணக்கா பணம் எடுத்திருக்காங்க, பட்ஜெட்ல ஒதுக்குனத விட பலமடங்கு. 1996 ஜனவரில சாய்பாசால டெபுடி கமிஷனரா இருந்த அமித் கரே கால்நடைத்துறை ஆபீஸ்ல போயி சோதனை போட்டதுலதான் அது வெளிய வந்துச்சு. நான் புள்ளைங்களுக்கு இதுல காட்டறது ஒண்ணுதான், மாசாமாசம் ட்ரஷரில எவ்வளவு எடுத்தாங்கங்கற எண்ணும் பட்ஜெட்ல எவ்வளவு ஒதுக்குனாங்கங்கற எண்ணும் எல்லா மாசமும் பேப்பர்ல இருந்துச்சு, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து எழுதற ஆளு இல்ல. அந்த ஆளாத்தான் நீங்க போகணும்.

பழகறதுக்கு எங்க போறது? உங்க பஞ்சாயத்துக்கே போங்க. கிராமசபைல வருசக் கணக்கு வைக்கறாங்க, கேட்டு வாங்குங்க, குடுக்கலீன்னா பத்து ரூபா கட்டி ஆர்.டி.ஐ போடுங்க, ஸ்டேட் ஆடிட் ரிப்போர்ட்டும் கேளுங்க. அதுல ஆடிட்காரங்க ஒவ்வொரு குறையும் எழுதி கீழ விதி எண் போட்டிருப்பாங்க, அந்த விதிய கோடு புத்தகத்துல எடுத்துப் படிங்க, ஒரு ரிப்போர்ட்ட இப்படி முழுசா முடிச்சா கோச்சிங் சென்டர்ல ஒரு வருசம் உக்காந்தாலும் வராத தெளிவு வரும். அடுத்து சி.ஏ.ஜி சைட்ல கேரளாவோட ஃபினான்ஸ் அக்கவுண்ட்ஸ் (வருச வரவு செலவுக் கணக்கு), அப்ரோப்ரியேஷன் அக்கவுண்ட்ஸ் (ஒதுக்குனது எவ்வளவு, செலவானது எவ்வளவுங்கற கணக்கு) ரெண்டும் சும்மாவே கிடைக்குது. அதுல 800ன்னு ஒரு மைனர் ஹெட் வரும், 'மற்ற செலவு', எதுல போடறதுன்னு தெரியாததையும் காட்ட விரும்பாததையும் இதுல தள்ளுவாங்க, சி.ஏ.ஜி வருசாவருசம் திட்டிகிட்டே இருக்கறது இதத்தான். எந்தத் துறைல இது பெருசா நிக்குதுன்னு நீங்களே தேடிப் பாருங்க, இன்டர்வியூல இத சொல்லிப் பேசுனா போர்டுல இருக்கறவங்க நிமிந்து உக்காருவாங்க.

வேலை கெடச்சப்புறம் டிபார்ட்மெண்டல் டெஸ்ட். அக்கவுண்ட் டெஸ்ட் லோயர், அப்புறம் ஹையர், எம்.ஓ.பின்னு சொல்ற ஆபீஸ் நடைமுறை, பி.எஸ்.சி வருசத்துக்கு ரெண்டு தடவ நடத்துது, ஜனவரி ஜூலைல. கல்யாணம், புள்ளைன்னு வர்றதுக்கு முன்னாடி முடிச்சுடுங்க. முக்கியமா பொண்ணுங்களுக்கு சொல்றேன், சேந்த மொத ரெண்டு மூணு வருசத்துல எல்லா டெஸ்ட்டும் முடிச்சவங்க மேல போயிட்டே இருக்காங்க, தள்ளிப்போட்டவங்க அவங்களுக்கு ஜூனியர்கிட்டயே ஆர்டர் வாங்குறாங்க, வீட்டாளுங்களும் அந்த ரெண்டு மூணு வருசம் கொஞ்சம் ஒத்தாசை பண்ணணும்.

மார்ச் மாசத்துக்கு மனச தயார் பண்ணிக்கங்க. வருசம் பூரா தூங்குன டிபார்ட்மெண்டெல்லாம் மார்ச் கடைசி வாரத்துல பில்லோட ஓடி வரும், ராத்திரி வரைக்கும் கவுண்டர் ஓடும். மத்திய அரசோட 2017 ஜெனரல் ஃபினான்ஷியல் ரூல்ஸ்லயே வருசக் கடைசில அவசரமா செலவு பண்றது நிதி ஒழுக்கத்துக்கு விரோதம்னு எழுதியிருக்கு, ஆனாலும் நடக்குது. பணத்தட்டுப்பாடு இருந்தா ஒரு தொகைக்கு மேல போற பில்லெல்லாம் நிதித்துறை அனுமதி வந்தாதான் போகும்னு கட்டுப்பாடு வரும், க்யூல நிக்கும், காண்ட்ராக்டர் கத்துவான், பஞ்சாயத்து மெம்பர் வருவார், அவங்க கோபமும் நியாயம்தான், வேலை செஞ்ச காசுதான கேக்கறாங்க. கோபப்படாம க்யூ நம்பர காட்டி, எங்க நிக்குது, எதனால நிக்குதுன்னு தெளிவா சொல்லி அனுப்புங்க. முன்னாடி வந்தவன பின்னாடி தள்ளி தெரிஞ்சவன உள்ள விடறத மட்டும் பண்ணாதீங்க, அந்த ஒரு தடவ பண்ணா ஆபீஸ் முழுக்க தெரிஞ்சுடும், அதுக்கப்புறம் யாருக்கும் இல்லைன்னு சொல்ல முடியாது.

இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு முறை இருக்குங்க. வாயால சொல்லாதீங்க, ஆப்ஜெக்ஷன எழுதுங்க. 'விதிப்படி இல்லை'ன்னு மொட்டையா எழுதுனா அது அடாவடி, 'இந்த கோடு, இந்த விதி, இந்த ஆவணம் இல்லை, இத வச்சு திரும்ப அனுப்புங்க'ன்னு எழுதணும். இருக்கற குறை எல்லாத்தையும் ஒரே தடவைல எழுதுங்க, இன்னைக்கு ஒண்ணு, அடுத்த வாரம் ஒண்ணுன்னு திருப்பி அனுப்புனா ஏழை அங்கன்வாடி டீச்சர் பஸ் புடிச்சு எத்தன தடவ வருவாங்க, அது பாவம், அப்படி பண்றவங்களாலதான் ட்ரஷரின்னாலே ஜனங்களுக்கு எரிச்சல். மேலருந்து ஃபோன் வரும், 'பாஸ் பண்ணிடுங்க, ஆர்டர் அப்புறம் வரும்'னு. மரியாதையாவே பேசுங்க, 'சார், ஒரு வரி எழுத்துல குடுத்துருங்க, உடனே பண்ணிடுறேன்'னு சொல்லுங்க. பாதி ஃபோன் அதோட நின்னு போகும். மீதிப்பாதி எழுத்துல வரும், அப்ப பொறுப்பு எழுதுனவருக்கு. கொஞ்சநாள் உங்கள முறைச்சுப் பாப்பாங்க, தூரத்துக்கு ட்ரான்ஸ்ஃபர் கூட வரலாம், அத வீட்ல முன்னாடியே பேசி வைங்க.

மேல போகப்போக பில் கொறையும், ரிப்போர்ட் கூடும். நீங்க அனுப்பற மாசக்கணக்குதான் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸ்ல சேந்து வருசக்கணக்கு ஆகி, ஆடிட் ரிப்போர்ட்டா கவர்னர் வழியா சட்டசபைக்கு வந்து, பொதுக்கணக்குக் குழு முன்னாடி செக்ரட்டரிய உக்கார வச்சு கேள்வி கேக்கறதுல போயி முடியுது. எல்லாத்துக்கும் உச்சில சி.ஏ.ஜி, ஜனாதிபதி நியமிக்கறாரு, 6 வருசம் இல்லீன்னா 65 வயசு, எது முன்னாடியோ அது வரைக்கும், இறங்குனப்புறம் எந்த கவர்மெண்ட்லயும் வேற பதவி வாங்கக் கூடாதுன்னு 148வது பிரிவுல இருக்கு. எதையும் எதிர்பாக்காம எழுதட்டும்னுதான் அப்படி வச்சிருக்காங்க. சப் ட்ரஷரி சீட்டுக்கும் அந்த சட்டம் இல்லாட்டியும் அந்த மனசு வேணும்.

கடைசியா ரிடையர்மெண்ட், இத இப்பவே சொல்லி வைக்கறேன், சேர்றப்ப யாரும் சொல்ல மாட்டாங்க. கேரளால ரிடையர் ஆகறப்ப உங்க பேர்ல பாக்கி ஒண்ணுமில்லைங்கற நான்-லயபிலிட்டி (Non-Liability) சர்டிபிகேட் வந்தாதான் கிராஜுவிட்டி பணம் கைக்கு வரும். இருபது வருசத்துக்கு முன்னாடி நீங்க பாஸ் பண்ண ஒரு பில்லுல ஆடிட் ஆப்ஜெக்ஷன் தீராம நின்னா அது அப்ப வந்து மடில விழும், ஃபைல் எங்கன்னு எவனுக்கும் தெரியாது. அதனால மொத சீட்லருந்தே ஒரு நோட்டு போடுங்க, எந்த ஆபீஸ், எந்த தேதி சார்ஜ் எடுத்தது, எந்த தேதி குடுத்தது, என்ன ஆப்ஜெக்ஷன் வந்துச்சு, என்ன பதில், எந்த லெட்டர் நம்பர்ல தீந்துச்சு. சார்ஜ் லிஸ்ட் நகல், ஃபோன்ல சொல்லி அப்புறம் எழுத்துல வாங்குன ஆர்டர் நகல் எல்லாத்தையும் அதுலயே ஒட்டி வைங்க. ட்ரான்ஸ்ஃபர் ஆகறப்ப அந்த நோட்ட மட்டும் ஆபீஸ்ல விட்டுட்டு வந்துடாதீங்க, வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க.